48,500 ரூபாய் போச்சு: டிஸ்கஸுக்கு "ரெடி டேங்க்" என்று விற்பவர்களிடம் ஜாக்கிரதை

டிஸ்கஸுக்கு, அதாவது தட்டு மாதிரி வட்டமான அந்த அலங்கார மீனுக்கு, புதுத் தொட்டி வைக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 48,500 ரூபாய். எட்டு மீனும் செத்துவிட்டன. ஒரு பைசா திரும்பி வரவில்லை. வீட்டுக்கே வந்து தொட்டி அமைத்துத் தரும் சென்னைக் கடை ஒன்றின் வேலை இது. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கும்போது என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

பணம் போன கணக்கு இது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டியும் ஸ்டாண்டும் 16,500. தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் 9,000. 150 வாட் ஹீட்டர் இரண்டு 2,000. லைட்டும் பின்னணி ஷீட்டும் 3,000. மூன்று இஞ்ச் டிஸ்கஸ் எட்டு, தலா 2,000 வீதம் 16,000. மிச்சம் 2,000 ரூபாய் "மெச்சூர்டு ஸ்பாஞ்ச்" இரண்டுக்கு. புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த 2,000 ஸ்பாஞ்சுக்குக் கொடுத்த விலை இல்லை, அதற்குள் வளர்ந்திருக்க வேண்டிய பாக்டீரியாவுக்குக் கொடுத்த விலை.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இரண்டுமே கிடையாது. தானாக வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். மற்ற மீனுக்கே இது ஆபத்து, டிஸ்கஸுக்கு இன்னும் மோசம். டிஸ்கஸுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். சூடும் பிஎச்சும் ஏற ஏற அமோனியாவின் விஷமான பங்கும் ஏறும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷம். பிஎச் 8 ஆனால் அதுவே ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். அமோனியா அளவு ஒன்றே, விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு.

இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாமல் இல்லை. நம்ப வைத்ததே அதை வைத்துத்தான். கடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிஸ்கஸ் தொட்டிக்குக் கூட்டிப்போய், இரண்டு ஸ்பாஞ்சை உள்ளே இறக்கினார். ஏர் ட்யூபில் மாஸ்கிங் டேப் சுற்றி, மார்க்கரில் என் பெயரையும் தேதியையும் எழுதினார். "ஆறு வாரம் இங்கேயே ஓடட்டும் சார். அப்புறம் ஈரத்தோட எடுத்துட்டு வந்து உங்க டேங்கில் போடுறோம். அன்னைக்கே மீன் விடலாம்." முறையாகச் சொல்லப்போனால் இதைவிடச் சரியான வழி கிடையாது. அங்கேயே முழுப் பணமும் கைமாறியது.

கடைப் பையன்கள் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கியபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டில் இருந்தவர்களிடம் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டி, "தண்ணி பக்கா, அம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். அமோனியாவையோ குளோரினையோ அது காட்டவே காட்டாது. மீன் நன்றாகச் சாப்பிடும் என்று காட்ட இரண்டு கட்டி பீஃப் ஹார்ட்டும் (மாட்டு இதயத்தில் செய்த தீனி) போட்டிருக்கிறார்கள். இடம் மாறி வந்த டிஸ்கஸ் பெரும்பாலும் அன்றைக்கு வாய் வைக்காது. கட்டி கரைந்து கேனிஸ்டர் பைப்புக்குப் பின்னால் படிந்து கிடந்தது, 30 டிகிரி சூட்டில்.

நான் வந்து பார்க்கும்போது ஸ்பாஞ்ச் தொட்டிக்குள் இருந்தது. என் பெயர் எழுதிய டேப்பும் இருந்தது. ஆனால் ஸ்பாஞ்ச் பளபளவென்று கருப்பாக, ஓரம் கூர்மையாக, ஃபேக்டரியிலிருந்து வந்தது போலவே இருந்தது. பக்கெட்டில் பிழிந்தேன், தண்ணீர் தெளிவாக வந்தது. ஆறு வாரம் டிஸ்கஸ் தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சைப் பிழிந்தால் காப்பித் தண்ணீர் மாதிரி அடர்பழுப்பாகச் சேறு வரும். டேப்பைப் பிரித்துப் புது ஸ்பாஞ்சில் சுற்றியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. மெட்ரோ தண்ணீரை நேராகப் பைப்பிலிருந்து பிடித்திருக்கிறார்கள், குளோரினை எடுக்கும் தயோசல்ஃபேட் போடவில்லை. 150 வாட் இரண்டுக்குப் பதில் 300 வாட் ஒன்று. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் ஒரே பெரிய ஹீட்டர் மொத்தத் தொட்டியையும் வேகவைத்துவிடும், இரண்டு சின்னது கேட்பதே அதற்காகத்தான். பின்னணி வெளிர்நீலம் கேட்டால் கருப்பு. பிஜியன் பிளட் வகை மீனுக்குக் கருப்புப் பின்னணி வைத்தால் உடம்பெல்லாம் கரும்புள்ளி அடிக்கும் என்று டிஸ்கஸ் விற்கும் கடைக்குத் தெரியாதா?

மறுநாள் டெஸ்ட் கிட்டில் அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), பிஎச் 8. தயோசல்ஃபேட் போட்டு, சூடு சமமாக்கி, பாதித் தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றியும் பலனில்லை. செவுள் ஏற்கெனவே வெந்துவிட்டது. உடம்பு கருத்து, மூலையில் தலை சாய்த்து, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து, ஒவ்வொன்றாகப் போயின. 16,000 ரூபாய் மீன், மொத்தத்தில் 48,500 ரூபாய் ஏற்பாடு.

அதற்கப்புறம் கேட்ட பதில்கள். முதலில் "டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரெஸ் சார், சரியாயிடும்." மீன் சாகத் தொடங்கியதும் "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை." அந்தத் தண்ணீரைத்தான் மீட்டர் விட்டு பக்கா என்றார்கள். ஸ்பாஞ்ச் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "ஓனர் ஊர்ல இல்ல." ஓனர் போனை எடுத்தபோது சொன்னது: "உயிருள்ள பொருளுக்கு கேரன்டி கிடையாது, பில்லுல போட்டிருக்கு." நான் மீனுக்கு கேரன்டி கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்காத ஸ்பாஞ்சைக் கேட்கிறேன். கடைசியாக, அடுத்த பர்ச்சேஸில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். 48,500 ரூபாயை விழுங்கிவிட்டு அங்கேயே இன்னும் வாங்கச் சொல்கிறார்கள்!

வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது இருக்கும் ஆத்திரத்தில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கடை ஸ்பாஞ்சை நம்பாதீர்கள். பாக்டீரியாவை நீங்களே வளர்க்க, அதற்கு உணவாக அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், லேப் கிரேடு வாங்குங்கள். மீன் இல்லாத 220 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 1.3 கிராம் போட்டால் 2 பிபிஎம் வரும். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் ஆனால் மட்டும் தொட்டி ரெடி. அப்புறம் பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டுத்தான் மீன். சைக்கிள், அதாவது இந்தப் பாக்டீரியா வளரும் வேலை, நடக்கும்போது சுத்த ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், காரத்தன்மை தீர்ந்து பிஎச் விழுந்தால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும்.

ஸ்பாஞ்ச் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடையில் அது ஓடிய தொட்டித் தண்ணீரிலேயே முக்கி எடுத்துவரச் சொல்லி, கண் முன்னால் பிழியச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரினில் பாக்டீரியா செத்துப்போகலாம்.

மீன் வாங்கும்போது உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி நின்ற மீன். கழிவு வெள்ளை நூலாக இருந்தாலும், ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விட்டாலும் தொடாதீர்கள்.

மீனையும் தொட்டியையும் ஒரே நாளில் இறக்க விடாதீர்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். "மெச்சூர்டு ஸ்பாஞ்ச், இத்தனை வாரம்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எனக்குக் கொடுத்த பில்லில் வெறும் "ஃபில்டர் ஐட்டம்ஸ்" என்றுதான் இருக்கிறது. இதே மாதிரி மாட்டியவர்கள் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிவு செய்யுங்கள். பில், வாட்ஸ்அப் பேச்சு, டெஸ்ட் கிட் படம் எதையும் அழிக்காதீர்கள்.