கதர்க் கொடியும் பாலியெஸ்டர் கொடியும்: மூன்று ஆடிக் காற்றுக்குப் பிறகு

திருப்பூரில் சிறியதொரு பனியன் தையல் யூனிட் நடத்தி வருகிறேன். குடியரசு நாளன்றும் சுதந்திர நாளன்றும் வாசலில் கொடியேற்றி, டெய்லர் முதல் செக்கிங் பெண்கள் வரை அனைவருக்கும் மிட்டாய் கொடுப்பது என் தந்தையார் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். துணியை நம்பிப் பிழைக்கும் ஊரில் கொடியின் துணியைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது என்பதால், நான் வாங்கிய இரண்டு வகைக் கொடிகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் கொடி விதிகள் திருத்தப்பட்டு, பாலியெஸ்டர் துணிக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் வீடுதோறும் கொடியேற்றச் சொன்னபோது அஞ்சலகங்களிலேயே ஒரு கொடி 25 ரூபாய்க்குக் கிடைத்தது. நான் கடைவீதியில் ஒரு டஜன் பாலியெஸ்டர் கொடிகளை மொத்தமாக வாங்கி, ஒன்றை யூனிட்டில் ஏற்றிவிட்டு மற்றவற்றைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தேன்.

சுதந்திர நாள் ஆடி மாதக் கடைசியில் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அப்போதும் ஓய்ந்திருக்காது. அந்தக் கொடியின் ஓரத்தை மடித்துத் தைக்காமல் வெறுமனே வெட்டி விட்டிருந்தார்கள். மூன்றாம் நாளே பச்சைப் பட்டையின் நுனி நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்திருந்ததால் மறுபக்கத்தில் அது நிழல் போலத்தான் தெரிந்தது. இருபத்து நான்கு ஆரங்களும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. எங்கள் செக்கிங் மேசைக்கு இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் நிச்சயம் ரிஜெக்ட் ஆகியிருக்கும்.

2023-இல் ஒரு கதர் அங்காடியில் 900-க்கு 600 மில்லிமீட்டர் அளவுள்ள கொடியை வாங்கினேன். தேசியக் கொடிக்கான இந்தியத் தரநிலை வகுத்துள்ள ஒன்பது அளவுகளில் இது ஆறாவது. மாடி வீட்டுக்கும் சிறிய தொழிற்கூடத்துக்கும் இதுவே போதும். விலை பாலியெஸ்டர் கொடியைப் போலப் பல மடங்கு. கையில் வாங்கியதும் முதலில் தையலைத்தான் பார்த்தேன். மூன்று பட்டைகளையும் தனித்தனியே வெட்டி இணைத்து, நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்திருந்தார்கள். கம்பத்தை ஒட்டிய வெள்ளைப் பட்டிக்குள் கயிற்றைக் கொடுத்து, அதன் தலையில் சிறு மரக்கட்டையைக் கட்டியிருந்தார்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இருபுறத்துச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அமைந்திருந்தது. கையால் நூற்ற நூல் என்பதால் ஆங்காங்கே தடிமன் கூடிக் குறைந்திருக்கிறது. அது குறையல்ல, நூற்றவரின் விரல் பட்ட இடம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று ஆடிக் காற்றைத் தாங்கிய பிறகும் ஒரு தையல்கூட விடவில்லை. ஒருமுறை மழையில் முழுக்க நனைந்தபோது காவி வெள்ளையில் இறங்கிவிடுமோ என்று பயந்தேன், இறங்கவில்லை. குறைகளும் உண்டு. துணி கனமானது என்பதால் மெல்லிய காற்றில் கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. மடித்து வைத்த சுருக்கம் எளிதில் போவதில்லை; பூவிதழ் வைத்துக் கட்டுமுன் மிதமான சூட்டில் தேய்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளைப் பட்டை சற்றே பழுப்பேறியிருக்கிறது. அங்காடியில் அன்று இரண்டு அளவுகள்தாம் இருந்தன. எப்படிப் பராமரிப்பது என்று ஒரு துண்டுத்தாள்கூடத் தரவில்லை. கொடி விற்கும் இடத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

விலையைக் கேட்டு யூனிட்டில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பணம் நூற்பவர், நெய்பவர், தைப்பவர் என்று பல கைகளுக்குப் பிரிந்து போகிறது. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரியில் இதே திருப்பூர் வீதியில் தடியடி பட்டு விழுந்தபோது கையில் பிடித்திருந்தது, ராட்டை பொறித்த கொடி. அவருடைய ஊர்க்காரர்கள் நாம் நூற்பவருக்குக் கூலி போய்ச் சேரும் கொடியை வாங்குவதுதான் முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிசம்பர் 7-ஆம் தேதி வரும் கொடிநாளையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். 1949 முதல் நடந்துவரும் இந்த வசூல், போரில் காயமுற்றோர், படைவீரர் குடும்பங்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் நலனுக்குப் போகிறது. அன்று சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடிக்குச் சில்லறை போட்டு அனுப்பிவிடுவதை நிறுத்திவிட்டேன். அந்த டஜன் பாலியெஸ்டர் கொடிகளுக்கு ஆன தொகையை ஆண்டுதோறும் எடுத்துவைத்து, ரசீது பெற்றுக்கொண்டு செலுத்துகிறோம். தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைச் சேர்க்கிறார்கள்.

கிழிந்த பாலியெஸ்டர் கொடியை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரும் பாடாயிற்று. சேதமடைந்த கொடியைத் தனியிடத்தில் முழுமையாக, மரியாதையோடு, இயன்றவரை எரித்து நீக்க வேண்டும் என்கிறது விதி. கொல்லையில் தீ மூட்டியபோது அது சாம்பலாகாமல் உருகிச் சொட்டி, கருப்புக் கட்டியாகத் தரையில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுத்தபோது மனம் மிகவும் வருந்தியது. அதன் பிறகு பாலியெஸ்டர் கொடியை நான் வாங்கவில்லை.