காய்ன்ஹர்ஸ்ட் அரண்மனையின் தரை: பிளட்போர்னோடு ஏழு வருஷம்

பிளட்போர்ன் என்ற வீடியோ கேம் என் கைக்கு வந்தது 2018 கடைசியில். கிருஷ்ணகிரியில் நண்பனின் அண்ணன் தன் பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ விற்றார். கூடவே கொடுத்த நாலு டிஸ்க்கில் இதுவும் ஒன்று. ஏழு வருஷத்தில் முழுதாக ஐந்து முறை முடித்துவிட்டேன். நடுவில் எல்டன் ரிங், லைஸ் ஆஃப் பி, ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ், பிளாஸ்பெமஸ் என்று இதே சாயலில் உள்ள ஆட்டங்களையும் ஆடினேன். பட்டும் தங்கமும் ஒரு பக்கம், அழுகலும் ரத்தமும் மறுபக்கம் என்று போகிற ஆட்டங்கள். எதை ஆடினாலும் கடைசியில் பிளட்போர்னுக்குத்தான் திரும்பி வருகிறேன். கதையின் ரகசியங்களையும் சொல்லப் போகிறேன், இன்னும் ஆடாதவர்கள் யோசித்துக்கொண்டு படிக்கவும்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரானைட் பதித்து பாலிஷ் போடுகிறவன் நான். ஓசூர், பெங்களூர் பக்கம் பெரிய வீடுகளில் வேலை. 50-ஆம் நம்பர் தேய்ப்புப் பேடில் ஆரம்பித்து 3000 வரை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் கல்லில் முகம் தெரியும். ஓரங்களுக்கும் படிக்கட்டுக்கும் பெரிய மெஷின் போகாது. முட்டி போட்டு உட்கார்ந்து கை மெஷினால்தான் போடவேண்டும். அதனால் எந்த ஆட்டத்தில் எந்த மாளிகைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும்.

பிளட்போர்ன் 2015 மார்ச்சில் வந்தது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் செய்தது, இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. யார்னம் என்றொரு ஊர். நோய்க்கு ரத்தம் ஏற்றி வைத்தியம் பார்த்த ஊர், அந்த வைத்தியமே ஊர் ஜனங்களை மிருகமாக்கிவிட்டது. ஊசிக் கோபுரங்கள், இரும்புக் கிராதிகள், தெருவோரம் சங்கிலி சுற்றிய சவப்பெட்டிகள். முதல் ஆட்டத்தில் இந்த ஊரைச் சுற்றியே ஓய்ந்துபோனேன். காய்ன்ஹர்ஸ்ட் என்றொரு அரண்மனை இருப்பதே தெரியாமல் முடித்துவிட்டேன். அங்கே போகாமலும் ஆட்டத்தை முடிக்கலாம், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அங்கே போக ஒரு கடிதம் வேண்டும், இரண்டாவது முறைதான் அது கிடைத்தது. ஆட்டம் தொடங்கும் அதே மருத்துவமனைக்குப் பின்வழியாக மறுபடி நுழைந்தால், உள்ளே ரத்தக் கறை படிந்த ஒரு பழைய அழைப்புக் கடிதம் இருக்கும். யாருக்கு என்று பார்த்தால், நமக்குத்தான்! அதை வைத்துக்கொண்டு ஹெம்விக் என்ற இடத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்தூண் அருகே போனால் குதிரை வண்டி வருகிறது, ஓட்டுகிறவன் கிடையாது. ஏறி உட்கார்ந்தால் பனி கொட்டும் அரண்மனை வாசலில் இறக்கிவிடுகிறது. இறங்கித் திரும்பிப் பார்த்தால் குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. அன்று ராத்திரி நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் உள்ளே போனேன். பெரிய கூடம், மேலே விளக்குக் கொத்துகள், அகலமான படிக்கட்டு, பார்க்கிற இடமெல்லாம் வெண்சிலைகள். இருட்டில் தரையில் ஏதோ அசைந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வேலைக்காரர்கள். குனிந்து, முட்டி போட்டு, தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் பக்கத்தில் போய் நின்றாலும் நிமிரவில்லை. எஜமானர்கள் எல்லாம் எப்போதோ செத்தாயிற்று, விருந்து முடிந்தாயிற்று. இவர்கள் மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் எந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. எத்தனையோ பேர் அவர்களை ஒரு வெட்டில் தாண்டிப் போயிருப்பார்கள். அங்கே போன எந்தத் தடவையும் என்னால் அவர்கள் மேல் கை வைக்க முடியவில்லை.

கூடத்தைத் தாண்டினால் அழுகைச் சத்தம். ஆள் தெரியாது, சத்தம் மட்டும் நெருங்கும். ஒருநாள் ஹெட்ஃபோன் போடாமல் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டார். "ஏன்டா, யாருடா அது அழுவுறது?" என்றார். பழைய பட்டு கவுன் போட்ட பெண் ஆவிகள், கைகள் கட்டப்பட்டிருக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையைக் கட்டிட்டா கண்ணைக்கூடத் தொடைக்க முடியாது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமுன் அந்தக் கயிற்றை நான் அடையாளமாக மட்டும்தான் பார்த்திருந்தேன்.

கூரை மேல் லொகேரியஸ் என்ற கிழவன் கிரீடத்தோடு உறைந்து உட்கார்ந்திருக்கிறான். அவனை ஜெயிக்க எனக்கு நாலு நாள் ஆனது. அந்தக் கிரீடத்தை எடுத்து நாம் போட்டுக்கொண்டால்தான் அதுவரை கண்ணுக்குத் தெரியாத வழி தெரியும். உள்ளே அன்னலிஸ் ராணி, முகத்தை முழுக்க மூடிய இரும்பு முகமூடி. பக்கத்து ஆசனம் காலி. சாவே இல்லாத ராணி, ஆனால் ஆள இனி ஆள் இல்லை. அவள் முன்னால் மண்டியிடலாம், இடாமலும் போகலாம்.

அரண்மனையில் இன்னொரு பிரிக்காத அழைப்பும் கிடைக்கும். ஊரில் ஆல்ஃப்ரெட் என்றொரு வேட்டைக்காரன், மரியாதையாகப் பேசுவான், நமக்கு உதவியும் செய்வான். நல்லவன் என்று நினைத்து அதை அவனிடம் கொடுத்தேன். திரும்பிப் போனால் ராணியின் ஆசனத்தில் சதைக் குழம்பு, பக்கத்தில் ரத்தம் சொட்டச் சொட்டச் சிரிக்கும் ஆல்ஃப்ரெட். இதற்கும் நான்தான் காரணம் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து அந்தக் கடிதத்தை யாருக்கும் கொடுப்பதில்லை.

இந்த அழகு நமக்கு அந்நியமானது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். மர அணிகளோடு கட்டை வேஷம் கட்டி, கண்ணாடித் துண்டு மினுங்கும் கிரீடத்தோடு துரியோதனன் திரை விலக்கி வரும்போது அவ்வளவு கம்பீரம். பதினெட்டாம் நாள் காலையில் அதே துரியோதனன் மண்ணுருவமாக, மீசையும் கிரீடமும் வரைந்து, கண்ணை விழித்தபடி படுகளத்தில் மல்லாந்து கிடப்பான். தொடையில் செந்நிற நீர். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவாள். ஆறு வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது வயிற்றில் என்ன செய்ததோ, அதுவேதான் காய்ன்ஹர்ஸ்ட் வாசலிலும் செய்தது.

மற்ற ஆட்டங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தது, இதே நிறுவனம். லேண்டெல் தலைநகரம் முழுக்கத் தங்க நிறம், முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்து நின்றேன். ஆனால் அந்த நகரத்தின் உயிர் சாக்கடையில் இருக்கிறது. கீழே இறங்க இறங்க, கொம்பு முளைத்துப் பிறந்ததற்காக அடைத்து வைக்கப்பட்டவர்கள். இன்னும் அடியில், உயிரோடு புதைக்கப்பட்ட நாடோடி வியாபாரிகளின் பிணக் குவியல். மேலே அவ்வளவு நேரம் ரசித்த தங்கத்துக்கு அங்கேதான் கணக்கு தெரிகிறது. எரிமலை மாளிகையும் நன்றாகச் செய்த இடம். தானித் அம்மையார் உட்கார்ந்தபடியே மரியாதையாக வரவேற்பார், பின்னால் ரகசியச் சுவரைத் தாண்டினால் சித்திரவதை ஊர். ஒரே குறை, எல்டன் ரிங் ரொம்பப் பெரியது. நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடும்போது திகில் பழகிப்போகிறது.

2023 செப்டம்பரில் வந்த லைஸ் ஆஃப் பி, கொரியாவின் நியோவிஸ் வெளியிட்டது. எஜமானர்களுக்கு ஊழியம் செய்த பொம்மைகள் திரும்பி அவர்களையே கொன்ற ஊர். மின்விளக்கு, ரயில் நிலையம், கிராமஃபோன் என்று 1900-களின் ஐரோப்பியப் பகட்டு. சண்டை முடிந்து கிராட் ஹோட்டலுக்குத் திரும்பி ஒரு இசைத்தட்டைப் போட்டுவிட்டு அசையாமல் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த நேரம். அப்படி நின்று பாட்டுக் கேட்டால் நம் பொம்மைக்கு மனிதத்தன்மை கூடும், அதையே ஆட்டத்தின் விதியாக வைத்திருக்கிறார்கள். பிளட்போர்ன் கிடைக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிசியிலும், அதாவது கம்ப்யூட்டரிலும் ஓடும்.

ரெசிடென்ட் ஈவில் வில்லேஜில் டிமிட்ரெஸ்கு கோட்டை கண்ணைப் பறிக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிளாஸ்பெமஸ் 2019-இல் ஸ்பெயினின் செவில் நகரத்துக்காரர்கள் செய்த சின்ன ஆட்டம். நாயகன் தன் கூம்புத் தலைக்கவசத்தில் ரத்தத்தை நிரப்பி அப்படியே மாட்டிக்கொள்ளும் காட்சி ஒன்று போதும்.

பிளட்போர்னில் குறை இல்லையா என்றால், நிறைய. திரையில் படம் மாறுவது நொடிக்கு 30 ஃபிரேம்தான், அதுவும் ஒரே சீராக ஓடாது. சோனி இதுவரை பிசிக்கும் கொண்டுவரவில்லை, 60 ஃபிரேமாகவும் மாற்றித் தரவில்லை. பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகர்களுக்கு இதைச் செய்து தரவேண்டும். உயிர் ஏற்றும் ரத்தக் குப்பி கையில் சாதாரணமாக 20 வரைதான் இருக்கும். கையிருப்பும் தீர்ந்துவிட்டால் ஆரம்பத் தெருக்களுக்குப் போய் ஆளைக் கொன்று சேர்க்கவேண்டும், அது வெறும் கூலி வேலை. குறுகிய இடத்தில் பெரிய மிருகத்தோடு சண்டை போட்டால் கேமரா சுவருக்குள் போய்விடும். தி ஓல்ட் ஹன்டர்ஸ் என்ற கூடுதல் பகுதியை மட்டும் யோசிக்காமல் வாங்குங்கள்.

என் பிளேஸ்டேஷன் கதையும் உண்டு. கல் தூசி என் துணியோடு வீட்டுக்கு வந்து ஃபேனில் அடைத்துக்கொண்டது. சத்தம் மிக்ஸி மாதிரி. பெங்களூரில் ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன், சூடு தணிக்கும் பேஸ்ட்டை மாற்றியதாகக் காசு வாங்கினார்கள், பிரித்துப் பார்த்தால் பழைய பேஸ்ட் காய்ந்து அப்படியே இருக்கிறது. அதிலிருந்து நானே செய்துகொள்கிறேன். இப்போது வேலைத் துணியை வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவேன். கரண்ட் போனாலும் ஆட்டம் தானே சேமித்துக்கொள்கிறது, இதுவரை ஒரு சேவ்கூடப் போகவில்லை. டிவியில் டைனமிக் கான்ட்ராஸ்ட்டை (வெளிச்சம், இருட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காய்ன்ஹர்ஸ்ட் கூடத்தின் இருட்டு ஒரே கருப்பாகி, கீழே தேய்க்கிறவர்கள் தெரியமாட்டார்கள்.

இப்போது ஆறாவது ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது. லொகேரியஸிடம் பதினோரு முறை செத்திருக்கிறேன். கூரைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கூடத்தில் ஓடுவதில்லை, நடந்துதான் போகிறேன்.