லாகின் இழுக்கும் ஆபீஸ்: ரோமிங் ப்ரொஃபைல், ஃபோல்டர் ரீடைரெக்‌ஷன், எஃப்எஸ்லாஜிக்ஸ் – எது யாருக்கு?

பாஸ்வேர்டு அடித்து என்டர் தட்டினால் டெஸ்க்டாப் வர இரண்டு நிமிடம் ஆகிறது என்று ஆபீஸில் புகார் கிளம்பியதும், "புது சர்வர் வாங்கிடலாமா?" என்ற பேச்சும் கூடவே கிளம்பும். பெரும்பாலும் தேவைப்படாது. விண்டோஸ் டொமைனில் (ஆபீஸ் கணினிகளையும் பயனர்களையும் ஒரு சர்வர் நிர்வகிக்கும் அமைப்பு) லாகின் நேரத்தை அதிகம் தின்பது பயனரின் ப்ரொஃபைல், அதாவது அவருடைய டெஸ்க்டாப், கோப்புகள், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த மூட்டை, எங்கே இருக்கிறது என்பதுதான். அதை வைக்கப் பல வழிகள் உண்டு. லாகின் ஆகும் அந்தச் சில நொடிகளில் நெட்வொர்க் வழியாக எவ்வளவு வர வேண்டியிருக்கிறது என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் அவற்றை இங்கே பார்க்கப் போகிறேன்.

அதற்கு முன், குற்றவாளி ப்ரொஃபைல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், க்ரூப் பாலிசியின் (சர்வரிலிருந்து கணினிகளுக்குப் போகும் விதிகள்) ஆபரேஷனல் லாகைத் திறந்தால் 8001 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கும். அந்தப் பயனருக்குப் பாலிசிகள் ஓடி முடிய எத்தனை நொடி ஆனது என்று அதுவே சொல்லிவிடும். 5016 பதிவுகள் ஒவ்வொரு பகுதியும் தின்ற நேரத்தை மில்லிசெகண்டில் காட்டும். ட்ரைவ் மேப்பிங்கோ (சர்வர் ஃபோல்டரை ஒரு ட்ரைவாகக் காட்டுவது) பிரிண்டரோ அங்கே பெரிய எண்ணோடு நின்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதைப் போய்ப் பாருங்கள். எப்போதோ கழற்றிப் போட்ட பழைய சர்வரின் பிரிண்டரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஏராளம். அடுத்து, யூசர் ப்ரொஃபைல் சர்வீஸின் ஆபரேஷனல் லாக். அதில் 1 என்ற பதிவுக்கும் 2 என்ற பதிவுக்கும் இடையே உள்ள நேரம்தான் ப்ரொஃபைல் ஏற எடுத்த நேரம்.

பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸையும் ஒரு பார்வை பாருங்கள். கணினிகளின் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக ரவுட்டர் முகவரியையோ கூகுளின் 8.8.8.8-ஐயோ போட்டு வைப்பது நம் ஊர் ஆபீஸ்களில் தீராத பழக்கம். லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது உள்ளூர் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். வெளியே கேட்டால் பதில் வராது, காத்திருப்புதான் மிஞ்சும். கணினியைப் போட்ட உடனே செய்யும் லாகின் மட்டும் அரை நிமிடம் இழுத்தால் ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம். நெட்வொர்க் சுற்றிச் சுற்றி வராமல் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் ஒரு போர்ட் திறக்க 15 நொடி, பிறகு இன்னொரு 15 நொடி ஆகும். கணினி செருகிய போர்ட்டுகளில், காத்திருக்காமல் உடனே திறக்கச் சொல்லும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் அது தீர்ந்தது.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால், வாருங்கள் ப்ரொஃபைலுக்கு.

ரோமிங் ப்ரொஃபைல்

விண்டோஸ் என்டி காலத்திலிருந்து இருக்கும் முறை. லாகின் ஆகும்போது சர்வரிலிருந்து ப்ரொஃபைல் முழுவதும் கணினிக்கு நகலாகும், லாகாஃப் செய்யும்போது மாறியவை திரும்பிப் போகும். தினமும் காலையில் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலைக்கு வருவதுபோல. அடுத்தடுத்த லாகின்களில் மாறிய கோப்புகள் மட்டும்தான் வரும் என்பது உண்மை. ஆனால் எவை மாறின என்று தெரிந்துகொள்ளவே பட்டியல் முழுவதையும் ஒப்பிட்டாக வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: அளவைவிட எண்ணிக்கைதான் இங்கே கொல்லும். 1 ஜிபி உள்ள ஒற்றைக் கோப்பு சடாரென்று வந்துவிடும். அதே 1 ஜிபி பல்லாயிரம் துண்டுக் கோப்புகளாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் திற, படி, மூடு என்று சர்வரோடு தனித்தனிப் பேச்சுவார்த்தை நடக்கும். ப்ரொஃபைலில் புரோகிராம்களுக்கென்று இருக்கும் ஆப்டேட்டாவில் ரோமிங் என்ற ஃபோல்டருக்குள் புரோகிராம்கள் கொட்டி வைக்கும் குப்பை இந்த இரண்டாவது வகை. லோக்கல் என்ற ஃபோல்டர் மட்டும் நகலாகாது, அந்த மட்டில் நிம்மதி.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. சாதாரணமாக விண்டோஸ் 10, 11 கணினிகள் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்காமல் பயனரை உள்ளே விட்டுவிட்டுப் பாலிசிகளைப் பின்னணியில் ஓட்டும். பயனருக்கு ரோமிங் ப்ரொஃபைல் இருந்தால் அந்தச் சலுகை ரத்து. அதாவது ப்ரொஃபைலைச் சின்னதாக்கினாலும் காத்திருப்பு முழுதாகப் போகாது. போதாக்குறைக்கு, சர்வரில் ப்ரொஃபைலுக்கு விண்டோஸ் 7 கணினி .வி2 என்று முடியும் ஃபோல்டரையும், விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதலானவை .வி6 என்று முடியும் வேறொரு ஃபோல்டரையும் பயன்படுத்தும். இரண்டும் கலந்த ஆபீஸில் ரோமிங் செய்வதன் நோக்கமே அடிபட்டுப் போகிறது.

புதிதாக அமைப்பவர் யாருக்கும் இதை நான் சொல்லமாட்டேன்.

ஃபோல்டர் ரீடைரெக்‌ஷன்

இதில் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவை சர்வரிலேயே இருக்கும். கணினிக்கு அந்த இடத்தின் முகவரி மட்டும் தெரியும். லாகினில் எதுவும் நகலாகாது, கோப்பைத் திறக்கும்போதுதான் அது வரும். லாகின் வேகத்துக்கு இதைவிட எளிய வைத்தியம் கிடையாது. கோப்புகள் ஒரே இடத்தில் இருப்பதால் பேக்கப் எடுப்பதும் சுலபம்.

முதல் நாள் மட்டும் வலிக்கும். இருக்கும் கோப்புகளைச் சர்வருக்கு நகர்த்தும் டிக்கைப் போட்டிருந்தால், அந்த ஒரு லாகின் மிக நீண்டதாக இருக்கும். எல்லோருக்கும் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இதைத் திறந்துவிடாதீர்கள், பிரிவு பிரிவாகச் செய்யுங்கள். பாலிசி பிடிக்க இரண்டு லாகின்கள்கூட ஆகலாம். முதல் தடவை வரவில்லை என்றதும் எதையாவது மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். டாக்குமென்ட்ஸைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து சர்வருக்குப் போய், அவுட்லுக் நாள் முழுக்கத் திணறும். முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆப்டேட்டாவைத் திருப்பவும் வசதி இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். புரோகிராம்கள் அதை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். லாகினில் மிச்சம் பிடித்த நேரத்தை நாள் முழுக்கத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிடும். அப்புறம், சர்வர் கோப்புகளின் நகலைக் கணினியில் வைத்துக்கொள்ளும் ஆஃப்லைன் ஃபைல்ஸ் தானாகவே இயங்கத் தொடங்கும். லேப்டாப்புக்கு அது தேவை. மேசையை விட்டு நகராத கணினியில் நிறுத்திவிடலாம்.

எஃப்எஸ்லாஜிக்ஸ்

மைக்ரோசாஃப்ட் 2018 நவம்பரில் வாங்கிய சரக்கு இது. ப்ரொஃபைல் முழுவதும் ஒரே விஎச்டிஎக்ஸ் கோப்பாக (மெய்நிகர் டிஸ்க், இதைக் கண்டெய்னர் என்பார்கள்) சர்வரில் இருக்கும். லாகினில் அதை ஒரு டிஸ்க்காக மாட்டுவதோடு வேலை முடிந்தது. பல்லாயிரம் துண்டுக் கோப்பு பிரச்சினை அடியோடு போய்விடுகிறது. டெர்மினல் சர்வர் என்ற ஒரே கணினிக்குள் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடங்களில், அவுட்லுக்கின் கேஷ் கோப்பு உட்பட, இது மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்த வேலைக்காகவே பிறந்தது.

ஆளுக்கொரு கணினி உள்ள ஆபீஸில் இதைப் போடுவது வீண் வேலை. ஃபைல் சர்வர் நடுவில் அறுந்தால், திறந்திருக்கும் வேலையோடு முழு செஷனும் உறைந்து நிற்கும். ஒரு பயனரின் கண்டெய்னரை இயல்பான அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் எழுத முடியும். கண்டெய்னரின் உச்ச அளவு சும்மா விட்டால் 30 ஜிபி. ஆளுக்கு அவ்வளவு என்று கணக்குப் போட்டு இடம் ஒதுக்குங்கள். ஆன்டிவைரஸிடம் விஎச்டிஎக்ஸ் கோப்புகளைத் தொடாதே என்று சொல்லி வைப்பதும் அவசியம், இல்லாவிட்டால் பழைய மந்தமே திரும்பி வரும். லைசென்ஸ் தனியாக வாங்கத் தேவையில்லை. டெர்மினல் சர்வருக்கான ஆர்டிஎஸ் லைசென்ஸோ மைக்ரோசாஃப்ட் 365 இ3-யோ இருந்தால் போதும்.

ரோமிங்கும் எஃப்எஸ்லாஜிக்ஸும் இல்லாமல்

தணிக்கையாளர் அலுவலகம், சின்ன ஏற்றுமதி நிறுவனம் மாதிரி ஆளுக்கொரு நாற்காலி உள்ள இடத்துக்கு என் ஓட்டு, கணினியிலேயே ப்ரொஃபைல், டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் மட்டும் ரீடைரெக்‌ஷன். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நாற்காலி மாறுபவர்களுக்கும் இதுவே போதும். புதுக் கணினியில் உட்காரும் முதல் தடவை செட்டிங்ஸ் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

ட்ரைவ் மேப்பிங்கை, லாகினின்போது ஓடும் லாகான் ஸ்கிரிப்டில் எழுதாமல் க்ரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸில் வையுங்கள். விண்டோஸ் 8.1 முதல் க்ரூப் பாலிசியில் தரும் ஸ்கிரிப்டுகள் லாகின் முடிந்து ஐந்து நிமிடம் கழித்தே ஓடும், அதுதான் இயல்பான அமைப்பு. கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா இருக்கும் ட்ரைவ் வரவில்லை என்று காலையில் வரும் போன்களில் ஒரு பங்கு இதனால்தான்.

ரோமிங்கிலிருந்து வெளியேறுபவர்கள் முதலில் ஃபோல்டர்களைத் திருப்பிவிட்டு, ப்ரொஃபைல் மெலிந்ததும் பயனர் கணக்கில் உள்ள ப்ரொஃபைல் பாதையை அழிக்கலாம். கணினியில் இருக்கும் நகலே லோக்கல் ப்ரொஃபைலாகத் தொடரும். ஆனால் லாகாஃப் ஆனதும் நகலை அழித்துவிடும் பாலிசி முன்பே போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாதையில் கை வையுங்கள். அது இருந்தால் மறுநாள் காலை எல்லோரும் புத்தம்புது ப்ரொஃபைலில் விழிப்பார்கள். சர்வரில் உள்ள பழைய .வி6 ஃபோல்டர்களை ஒரு மாதமாவது விட்டு வையுங்கள்.