பியானோ: இப்போதே வாங்குவதா, ஆறு மாதம் பொறுப்பதா?

நாற்பதைத் தாண்டி பியானோ வகுப்பில் சேர்ந்தால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை நாளைக்கு இந்த ஆசை?" நியாயம்தான். அதனால் பரணில் கிடந்த 61 கட்டை கீபோர்டை இறக்கித் துடைத்து, ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

செலவில்லை. நோட்டேஷன் படிக்க, இரண்டு கைகளையும் பழக்க அது போதும். ஆனால் விரல்? அந்தக் கட்டைகளுக்கு அடியில் இருப்பது வெறும் ஸ்பிரிங். பியானோவிலோ ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலை எழுப்பிக் கம்பியில் அடிக்க வைக்கிறது. வீட்டில் சரளமாக வந்த பாடத்தை மூன்றாம் மாதம் வகுப்பிலிருந்த பியானோவில் வாசித்தேன். சுண்டுவிரல் தொட்ட இடங்களில் பாதிச் சுரத்தைக் காணோம்!

தொடக்கத்திலேயே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, பணம்தான் முடங்கும். அதற்காக மரப் பியானோவுக்குப் போக வேண்டாம். 200 கிலோ எடை, மாடிப்படி, சுருதி சேர்க்கும் செலவு; சென்னை மழைக்கால ஈரத்தில் கம்பியின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை உப்பிச் சுருதி வேறு ஏறிவிடும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். கட்டையை அழுத்தும்போது சுத்தியலின் கனம் விரலில் தெரிகிற 88 கட்டை டிஜிட்டல் பியானோவும் ஒரு ஹெட்போனும் இருந்தால் இரவு 10 மணிக்கும் வாசிக்கலாம்.

என்னைக் கேட்டால், இரண்டு மாதம் வகுப்புக்கு மட்டம் போடாமல் போயிருந்தால் வாங்கிவிடலாம், ஆறு மாதம் அதிகம். கடையில் ஒலியை அணைத்துவிட்டுக் கட்டைகளை மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல கருவிகளில் இடக்கோடிக் கட்டை வலக்கோடியைவிடச் சற்றுக் கனமாக இறங்கும்.