டெஸ்டோஸ்டிரோன் ஊசி பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவையில் "ஆண்கள் நலம்" என்று போர்டு வைத்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் நான் பட்டதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே பேக்கேஜை இதே வசனங்களோடு விற்கிற கடைகள் இப்போது ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன.

எனக்கு வயது 44. தொந்தி, ஆரம்பக்கட்ட சர்க்கரை, பகலெல்லாம் அசதி, தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவு. வேலை முடிந்து சாயங்காலம் காபி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனவனுக்கு அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன், 280 நானோகிராம் என்று வந்தது. "உங்களுக்கு எழுபது வயசுக்காரர் லெவல்தானுங்க சார் இருக்குது" என்றார் கவுண்டரில் இருந்தவர். டாக்டர் என்று ஒருவர் எட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். ஆறு மாதப் பேக்கேஜ், முழுத்தொகையும் முன்பணம். அதன்பின் அந்த டாக்டரை நான் பார்க்கவேயில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு "ஹெல்த் கோச்" தம்பிதான்.

இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது போகப் போக இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் காலையில் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் குறைபாடு என்று முடிவு கட்டுவார்கள். கூடவே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடுகிற எல்.எச்., புரோலாக்டின் என்ற ஹார்மோன்களைப் பார்த்து, கோளாறு விந்தகத்திலா பிட்யூட்டரியிலா என்று பிரிப்பார்கள். எனக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை.

நேராக ஊசி. டெஸ்டோஸ்டிரோனின் நாலு எஸ்டர் (மெதுவாகக் கரையும் வடிவம்) கலந்த 250 மில்லிகிராம் எண்ணெய் ஊசி. பெட்டிக்குள் இருக்கும் தாளில் வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கிறது. எனக்கு வாராவாரம் குத்தினார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. உற்சாகம், பசி, ஆசை எல்லாம் திரும்பின. பிறகு மோதிரம் இறுகியது, கணுக்கால் வீங்கியது, சட்டை உரசினாலே மார்க்காம்பு வலித்தது. தொட்டுப் பார்த்தால் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

உடம்பில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி உண்டு. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை எஸ்ட்ரடையாலாக, அதாவது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதுதான். கொழுப்புத் திசுவில் அது நிறைய இருக்கும். தொந்திக்காரனுக்கு அளவுக்கு மீறி ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. எஸ்ட்ரடையால் 68 பிகோகிராம் வந்தது. ஆண்களுக்கு ஏறக்குறைய 10 முதல் 40 வரைதான் வழக்கம்.

இங்கே செய்ய வேண்டியது ஊசியின் அளவைக் குறைப்பது. கோச் தம்பி சொன்னது வேறு: "அது லேடீஸ் ஹார்மோனுங்க சார், ஜீரோ பண்ணிட்டா சரியாப் போயிரும்." தினம் ஒரு அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம் மாத்திரை, தனி பில். அரோமட்டேஸைத் தடுத்து ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்து அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பது, அதே அளவு. ஆண்களுக்கு இந்தப் பயன்பாட்டுக்கு முறையான அனுமதி கிடையாது. கொடுக்கிற டாக்டர்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சிறு அளவில், கண்காணித்துத்தான் கொடுப்பார்கள்.

மாத்திரை ஆரம்பித்தபின் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினால் முழங்கால் கதறியது. ஆசை, ஊசிக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே போனது. காரணமில்லாத எரிச்சலும் சோர்வும். சொன்னால், மூட்டுக்கு ஒரு பவுடர் டப்பா அனுப்பினார்கள். அதற்கும் பில்.

என் மனைவி இழுத்துக்கொண்டு போன எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் மருத்துவ) டாக்டரம்மாதான் கணக்கைத் தீர்த்தார். ஃபைலைப் புரட்டிவிட்டு அவர் முதலில் கேட்டது, "ஹீமாட்டோகிரிட் எங்கே?" ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் டெஸ்ட் அது. பேக்கேஜில் வைட்டமின் டெஸ்ட் எல்லாம் இருந்தது, அது இல்லை. எடுத்தால் 55 சதவீதம். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. எஸ்ட்ரடையாலோ, கருவி அளக்க முடியாத அளவுக்குக் கீழே கிடந்தது.

அவர் விளக்கிய ஒரு விஷயம் மனதில் தைத்தது. பாஸ்டனில் ஃபிங்கெல்ஸ்டைன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆரோக்கியமான ஆண்களின் சொந்த ஹார்மோனை நிறுத்திவிட்டு, சிலருக்குப் போலி ஜெல்லும் மற்றவர்களுக்கு வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அனஸ்ட்ரோசோலும் கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் அடைபட்டவர்களுக்குக் கொழுப்பு கூடியது, ஆசை குறைந்தது. ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். நான் காசு கொடுத்து அடைத்தது அதைத்தான்.

எல்லா ஆய்வக எண்களையும் நம்ப முடியாது என்றும் சொன்னார். வழக்கமான எஸ்ட்ரடையால் டெஸ்ட் பெண்களின் அளவை மனதில் வைத்துச் செய்தது, ஆண்களின் குறைந்த அளவில் தடுமாறும். சந்தேகம் இருந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற, இன்னும் துல்லியமான முறையில் எடுக்கச் சொல்ல வேண்டுமாம்.

ஊசியும் மாத்திரையும் நின்றன. "குறட்டை விடுவாரா?" என்று மனைவியிடம் கேட்டார். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை தெரிந்தது. அசதிக்குப் பாதிக் காரணம் அதுதான், டெஸ்டோஸ்டிரோன் அதை இன்னும் மோசமாக்கக்கூடியது. இப்போது இரவில் மூச்சுக்கு உதவும் மாஸ்க், காலையில் நடை. சில மாதம் கழித்துக் காலை வெறும் வயிற்றில் எடுத்ததில் 390 வந்தது, ஊசியே இல்லாமல். மூட்டு சரியாகிவிட்டது. மார்க்கட்டி சுருங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பழைய கட்டியாகி நார்போல இறுகினால் மருந்துக்குக் கேட்காது, அறுவைதான் என்று சொல்லியிருக்கிறார்.

குழந்தை வேண்டும் என்றிருக்கும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விந்தகத்தைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை மூளை அனுப்புவதை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். கருத்தடை மருந்தாகவே இதைச் சோதித்திருக்கிறார்கள். கிளினிக்கில் என்னிடம் "குழந்தை இருக்கா, இனி வேணுமா" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதால் தப்பித்தேன்.

பிட்யூட்டரி கட்டி, க்ளைன்ஃபெல்டர் (பிறவியிலேயே வரும் குரோமோசோம் கோளாறு) போன்ற நிஜக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை வரம். அவர்கள் இதைப் படித்துப் பயந்து ஊசியைத் தானாக நிறுத்தக்கூடாது. கொடுக்கிறவர் முன்னாடியே அளக்கிறாரா, மூன்று மாதத்தில் திரும்ப அளக்கிறாரா, ரத்த அணு பார்க்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டதற்கு "நோ ரீஃபண்ட் பாலிசிங்க சார்" என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசி, பிறகு மாவட்ட ஆணையத்தில் மனுப் போட்டேன். ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. கிளினிக்கின் மேல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும், கையெழுத்துப் போட்ட டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி பேக்கேஜில் இருப்பவர்கள் கோச்சின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மாத்திரையின் அளவு எனக்கு அதில்தான் எழுத்தில் கிடைத்தது, சீட்டில் இல்லை.