புது டயர் என்று சொல்லி 2016 டயரை மாட்டிவிட்டார்கள் – பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனம்

ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய். ஐந்து டயர். "ஃப்ரெஷ் பீஸ், இம்போர்ட்டட்" என்று சொல்லி என் தலையில் கட்டியது 2015லும் 2016லும் செய்த பழைய சரக்கு. நேற்று மாலைதான் தெரிய வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2017 மாடல் இசுசு வி-க்ராஸ். வாங்கும்போதே இரண்டு அங்குலம் லிஃப்ட் செய்திருந்தார்கள், அதாவது வண்டியின் உடலைச் சக்கரத்துக்கு மேலே உயர்த்தியிருந்தார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குப் போய்வர, மிளகு மூட்டை இறக்க, இந்த வேலைக்குத்தான் வைத்திருக்கிறேன். ஷோ காட்ட இல்லை. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை முழுக்கச் சேறு, நடுவில் பாறை. கம்பெனி டயர் 245/70 ஆர் 16 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்). அதற்குப் பதிலாக உயரமும் ஒடுக்கமுமான 235/85 ஆர் 16 போட வேண்டும் என்பது ரொம்ப நாள் எண்ணம்.

கடை கோவையில். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருப்பதால் வக்கீல் நண்பர் வேண்டாம் என்கிறார். லிஃப்ட் கிட், பம்பர், வின்ச் எல்லாம் மாட்டித் தரும் வகைக் கடை. ரீல்ஸ் போட்டே ஆள் பிடிக்கிறவர்கள். சேற்றில் மாட்டிய ஜீப்பை இழுப்பார்கள், பின்னணியில் ஒரு மாஸ் பாட்டு ஓடும். தெரிந்திருக்கும்.

நான் எப்படி நம்பினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டயர் அளவைப் பற்றி அந்தக் கடை ஆள் பேசியதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்: "அண்ணா, அகல டயர் கேட்டு வர்றவங்ககிட்ட நானே வேண்டாம்னுதாங்க சொல்லுவேன். அது சேத்து மேல மிதக்கும். ஒல்லி டயர்னா சேத்தை வெட்டிக்கிட்டு உள்ள போயி கெட்டித் தரையப் புடிச்சுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புறப்ப ஃபெண்டர்லயும் அவ்வளவா உரசாது." சரிதான். பாலைவன மணலுக்கு அகலம் நல்லது, நம்ம மலைச் சேற்றுக்கு ஒடுக்கம்தான் நல்லது. அப்புறம் சொன்னார்: "லிஃப்ட் கிட் பாடியத்தாங்க தூக்கும். பின்னாடி ஆக்ஸில்ல தொங்குற டிஃபரென்ஷியல் குண்டு இருக்குது பாருங்க, அதைத் தூக்கணும்னா டயர் ஒண்ணாலதாங்க முடியும்." அதுவும் உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர், புது அளவு 806. வித்தியாசத்தில் பாதி, கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர், ஆக்ஸிலுக்கு அடியில் கூடுதலாகக் கிடைக்கும். மீட்டர் 100 காட்டினால் வண்டி 107ல் போகும், போலீஸ் கேமராவைப் பார்த்துக்கோங்க என்று அவரே எச்சரித்தார். பொருளைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர் பொருளிலேயே கை வைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

விலை டயருக்கு இருபத்து மூவாயிரம். ஸ்டெப்னியோடு ஐந்துக்கும் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். கழற்றிய பழைய டயர்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு அலைன்மென்ட், பேலன்ஸிங் இலவசமாகச் செய்து தருவதாகப் பேச்சு.

டயர் ஏற்றும்போது ஒரு பையன் வெள்ளை எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து ரிம்மில் மாட்டினான். ஏன் என்று கேட்டேன். முதலாளியே வந்து, "வெள்ளை எழுத்து வெளிய தெரிஞ்சா ஆர்டிஓ கண்ணுல முதல்ல அதுதான் படும். கறுப்புப் பக்கம் வெளிய இருக்கட்டும், கம்பெனி டயர் மாதிரி இருக்கும்" என்றார். நமக்கு நல்லது செய்கிறாராம்! டயர் செய்த வாரமும் வருடமும் அடங்கிய முழு டிஓடி எண் (டயரின் பக்கச் சுவரில் பதித்திருக்கும் அடையாள எண், கடைசி நான்கு இலக்கம்தான் தேதி) ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெள்ளை எழுத்து உள்ள டயர்களில் பெரும்பாலும் அந்தப் பக்கமே. அதை உள்ளே தள்ளிவிட்டால் சக்கரத்தைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது. மேலே கறுப்பு பாலிஷ் வேறு. கன்னங்கரேலென்று மின்னியது.

பில் கேட்டதற்கு "டயர் – 5 எண்ணம்" என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட் தாள் கிடைத்தது. ஜிஎஸ்டி இன்வாய்ஸ் மெயிலில் வரும் என்றார்கள். வரவே இல்லை.

நேராகப் போகும்போதே வண்டி இடது பக்கம் இழுத்தது. போன் செய்தேன். "புது டயர் அண்ணா, செட் ஆக ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்." மழையில் ஏற்காடு மலைப்பாதையின் இருபது ஹேர்பின் வளைவுகளையும் இந்த டயரில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஈரத் தார் ரோட்டில் பின்பக்கம் லேசாக வழுக்கியது. குடும்பத்தோடு போன நாளும் உண்டு, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மறுபடி போன் செய்தேன். "நீங்க ப்ரஷர் தப்பா வெச்சிருப்பீங்க." ப்ரஷர் வைத்து அனுப்பியதே அவர்கள்தான்.

நேற்று அடிவாரத்தில் ஒரு பஞ்சர். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், இது எப்ப வாங்குனது?" நீள்வட்டக் கட்டத்துக்குள் 3116. 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். டிரெட் கட்டைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. எல்லாச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். இன்னும் இரண்டில் அதே 3116. ஒன்றில் 0915. ஸ்டெப்னியில் கடைசி நான்கு எண் இருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். ஐந்திலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. முன் டயர்கள் வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன, ஆக அலைன்மென்ட்டும் செய்யவே இல்லை.

2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. அதற்குப் பிறகு இந்த மாதிரி அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காத பொருளுக்கு ஆள் காத்திருந்தால் குடோனில் கிடந்த கிழடெல்லாம் குமரியாகிவிடும் போல. ரப்பர் ஓடாமல் சும்மா கிடந்தாலும் இறுகும், வெடிக்கும். பத்து வருடம் ஆன டயரைப் பல டயர் கம்பெனிகளே டிரெட் ஆழம் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கின்றன.

போட்டோ எல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால் பையன் எடுத்து "ஓனர் வெளியூருங்க" என்கிறான். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், ஓனரே எடுத்தார். வெளியூரில் இல்லை, பின்னால் ஏர் கன் சத்தம் கேட்கிறது! "டயர் தேதி எல்லாம் இம்போர்ட்ல அப்படித்தாங்க இருக்கும், கப்பல்ல வர லேட் ஆகும்" என்றார். கப்பல் எட்டு வருடமா மிதந்து வந்தது? பணம் வேண்டாம், என் பழைய டயரையாவது கொடு என்றேன். "அதெல்லாம் அன்னிக்கே வித்தாச்சு."

கடைசியில் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "கேஸ் போடுங்க அண்ணா. லிஃப்ட் பண்ணின வண்டி, மாத்துன டயர். முதல்ல உங்க ஆர்சியத்தான் புடிப்பாங்க." வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னது, எல்லாம் வக்கீல் மாதிரி ஒப்பித்தார். கடையில் வரிசையாக லிஃப்ட் செய்து விற்கும்போது இந்தச் சட்டம் ஞாபகம் வரவில்லை. ஏமாந்தவன் வாயைத் திறக்கும்போது மட்டும் வருகிறது. இவர்கள் வியாபாரமே இந்தப் பயத்தில்தான் ஓடுகிறது. வண்டியில் மாற்றம் செய்தவன் புகார் கொடுக்க மாட்டான் என்ற தைரியம். வண்டி எப்படி இருந்தாலும் பழைய டயரைப் புதுசு என்று விற்றது மோசடி. இரண்டும் வேறு வேறு விஷயம், என் வக்கீல் நண்பரும் அதையேதான் சொன்னார்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

ஒல்லி டயர் எந்த ரிம்முக்கு ஒத்துவரும், ப்ரஷர் எவ்வளவு, லிஃப்டுக்குப் பிறகு கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எப்படிச் சரிசெய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரமாகச் சிலது மட்டும்:

டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், கடைசி நான்கு எண்ணைப் போட்டோ எடுங்கள். எழுத்துப் பக்கத்தை உள்ளே தள்ளச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் அளவும் டிஓடி எண்ணும் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். அலைன்மென்ட் செய்தால் ரிப்போர்ட் தாள் வாங்குங்கள். பழைய டயரை அங்கேயே விடாதீர்கள், வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் போனது போனதுதானா என்று ஆணையம் சொல்லட்டும். அதுவரை தோட்டத்துக்கு வாடகை ஜீப். கோவையில் இதே மாதிரிக் கடையில் சமீபத்தில் 235/85 போட்டவர்கள் இருந்தால் இன்றே ஒரு சக்கரத்தையாவது கழற்றிப் பார்த்துவிட்டு எண்ணை எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.