மன்ரீக்கே வீடும் சந்தையும்: சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

கேனரித் தீவுகளில் லான்சரோட்டேக்குப் போய் இறங்கினால், கடற்கரை விடுதிகளின் வரவேற்பு மேசையில் ஒரு சுற்றுலா அட்டை கண்ணில் படும். ஓவியர் செசார் மன்ரீக்கேயின் வீடு, அப்புறம் தெகீசே ஊரின் ஞாயிற்றுச் சந்தை, வழிகாட்டியுடன் அரை நாள். காலையில் விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இலண்டனிலிருந்தும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலிருந்தும் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகும் நம் ஆட்கள் பலரும் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, சனிக்கிழமை காலை உங்களுக்கு வேலை ஏதும் இருக்கிறதா என்பதைத்தான்.

காரணம், மன்ரீக்கேக்கு இந்தத் தீவில் இரண்டு வீடுகள். தாஹீச்சே என்ற ஊரில் இருப்பது ஒன்று. அட்டையில் சொல்லும் வீடு அதுதான். வடக்கே அரீயா என்ற ஊரில் இருப்பது இன்னொன்று. அரீயாவிலும் சந்தை கூடும், ஆனால் சனிக்கிழமையில். ஆக, வீடும் சந்தையும் சேர்ந்த காலைப்பொழுது இங்கே இரண்டு விதமாகக் கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் பேருந்தில் ஏறுவது என்று விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட, எந்தக் கிழமை என்று முடிவு செய்வதுதான் முக்கியம்.

ஓர் ஓவியரின் வீட்டைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று தோன்றலாம். மன்ரீக்கே 1919இல் இந்தத் தீவின் அரெசிஃபே நகரில் பிறந்தவர். மத்ரித்தில் ஓவியம் படித்து, 60களின் நடுவில் கொஞ்ச காலம் நியூயார்க்கில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். சுற்றுலா வருவதைத் தடுக்க முடியாது, ஆனால் அதற்காகத் தீவின் முகத்தை மாற்றிவிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அப்போது தீவு நிர்வாகத்தின் தலைவராக இருந்த பெப்பின் ராமிரெஸ் அவருடைய நண்பர். அதனால் அந்தப் பிடிவாதம் பேச்சோடு நிற்கவில்லை. சாலையோரத்தில் விளம்பரப் பலகை இல்லாதது, வீடுகள் வெள்ளையடித்துத் தாழ்வாக இருப்பது, அரெசிஃபேயில் ஒரே ஒரு உயரமான விடுதி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது எல்லாவற்றுக்கும் பின்னால் அவர் குரல் இருக்கிறது. தன் சொந்த வீட்டில் அவர் இதை எப்படிச் செய்துகாட்டினார் என்று பார்த்தால் தீவே புரியும்.

தாஹீச்சே: எரிமலைக்குள் ஒரு வரவேற்பறை

1730இல் தொடங்கி 1736 வரை லான்சரோட்டேயில் எரிமலைகள் ஓயவில்லை. ஊர்களும் வயல்களும் குழம்புக்கு அடியில் போயின. அப்போது ஓடி இறுகிய கருங்குழம்பின் மேல்தான் 1968இல் மன்ரீக்கே வீடு கட்டத் தொடங்கினார். கருப்புப் பாறை வெளியில் ஓர் அத்திமரத்தின் பச்சை நுனி மட்டும் எட்டிப் பார்த்ததாம். கிட்டே போய்ப் பார்த்தால், தரைக்கு அடியில் வாயு அடைபட்டு உண்டான பெரிய குமிழி. மரம் அதற்குள்ளிருந்து வளர்ந்திருக்கிறது. நிலத்துக்காரர்கள், எதற்கும் உதவாத இடம், வேண்டிய அளவு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லாமல் விடாத கதை.

மேல்தளம் தீவின் பழைய பண்ணை வீட்டைப் போல வெள்ளைச் சுவர்களோடு சாதாரணமாகத்தான் இருக்கிறது. அதிசயம் கீழே. ஐந்து எரிமலைக் குமிழிகள், பாறையைக் குடைந்த நடைவழிகளால் இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் அறை. ஒன்றில் இருக்கைகளெல்லாம் வெள்ளை, இன்னொன்றில் சிவப்பு. கூரை என்று எதுவும் கட்டவில்லை. குமிழியின் உச்சியில் இருக்கும் இயற்கையான ஓட்டை வழியே வெளிச்சம் இறங்குகிறது, மரம் ஏறுகிறது. திறந்தவெளிக் குழியில் நீச்சல் குளம், அதன் பக்கத்தில் இறைச்சி சுட அடுப்பு. விருந்து கொடுப்பதில் கெட்டிக்கார மனிதர் என்று இடமே சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது முன்பு ஓவியக்கூடமாக இருந்த அறையின் சன்னல். வெளியே உறைந்து நிற்கும் எரிமலைக் குழம்பு கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வழிந்து வந்ததுபோல் அமைத்திருக்கிறார். சுவர்களில் பிக்காசோ, மீரோ போன்றவர்களின் படைப்புகளும் உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்கவென்று இங்கே வர வேண்டியதில்லை.

இது 1992 மார்ச்சில் மன்ரீக்கே அறக்கட்டளையின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று, இந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே சாலைச் சந்திப்பில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்துபோனார்.

இரண்டு வீடுகளில் கட்டடக் கலை என்று பார்த்தால் தாஹீச்சேக்குத்தான் முதலிடம், அதில் வாதமே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், குமிழிகளுக்கு இடையிலான வழி ஒடுக்கமானது. ஞாயிறு காலையில் சந்தையோடு சேர்த்து விற்கப்படும் பேருந்துகள் வந்து சேரும் நேரத்தில் நீங்களும் உள்ளே இருந்தால், வெள்ளை அறையில் நிற்பது முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடிதான். இந்த வீடு ஞாயிறன்று மட்டுமல்ல, மற்ற நாள்களிலும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் இதே அறையில் நிதானமாக நிற்கலாம்.

தெகீசே சந்தை

1852 வரை தீவின் தலைநகர் தெகீசேதான். கடற்கொள்ளையருக்குப் பயந்து கடலை விட்டு உள்ளே தள்ளி அமைந்த ஊர். குவாதலூப்பே மாதா தேவாலயம், ஸ்பீனோலா மாளிகை, கல் பாவிய சந்துகள், மேலே மலை விளிம்பில் சாந்தா பார்பரா கோட்டை என்று நடந்து பார்க்க நிறைய உண்டு. ஸ்பீனோலா மாளிகையில் இப்போது திம்ப்ளே என்ற சிறிய நரம்புக் கருவிக்கான அருங்காட்சியகம் இருக்கிறது.

ஞாயிறன்று இதெல்லாம் கடைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு மணிவரை ஊர் முழுக்கச் சந்தை. தோல் பைகள், மெல்லிய பருத்தி உடைகள், வெள்ளி நகைகள், கற்றாழைக் களிம்புகள், ஆப்பிரிக்க மரச் சிற்பங்கள், கண்ணாடி, தொப்பி. பாதிக்கு மேல் ஸ்பெயினின் எந்தக் கடற்கரை ஊரிலும் கிடைக்கும் சரக்கு. பைக் கடைகளில் பேரம் பேசலாம், பேசியே ஆக வேண்டும். நடுநடுவே உள்ளூர்க்காரர்கள் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, சப்பாத்திக்கள்ளிப் பழ ஜாம், மோஹோ விற்கிறார்கள். மோஹோவை மட்டும் விட்டுவிடாதீர்கள். காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், உப்பு, எண்ணெய், வினிகர்: நம் பூண்டு மிளகாய்ச் சட்னியின் ஒன்றுவிட்ட தம்பி. உப்பு நீரில் தோல் சுருங்க வேகவைத்த சிறு உருளைக்கிழங்கோடு தருவார்கள். சைவக்காரர்களுக்குத் தீவில் கவலையில்லாமல் கிடைக்கும் சாப்பாடு அதுதான்.

சந்தை மோசமில்லை. இசை, கூட்டம், பிள்ளைகளுக்கு வேடிக்கை எல்லாம் உண்டு. ஊருக்கு எடுத்துப்போக ஏழெட்டுப் பேருக்குச் சின்னச் சின்னப் பரிசு வாங்க வேண்டுமென்றால் இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் பழைய தலைநகரைப் பார்த்தோம் என்று மட்டும் சொல்ல முடியாது. அதற்கு வாரநாளில் வர வேண்டும். அப்புறம், காற்று. மேட்டு நிலத்தில் இருக்கிற ஊர். கீழே கடற்கரையில் வெயில் கொளுத்தினாலும் இங்கே மேல்சட்டை தேவைப்படும்.

அரீயா: சின்னச் சந்தை, தனிமையான வீடு

தெகீசேயிலிருந்து வடக்கே ஏறும் மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது திடீரென்று பேரீச்ச மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு தெரியும். ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு மரம், பெண் குழந்தை பிறந்தால் ஒன்று நட்டார்கள் என்று கதை. கதையிலும் கணக்கு இப்படித்தான்!

சனிக்கிழமைச் சந்தை ஊர் நடுவே மரநிழலில் இருக்கும் நீள் சதுக்கத்தில் கூடுகிறது. அரை மணியில் சுற்றி முடித்துவிடலாம். பனையோலைக் கூடை, மண்பாண்டம், கையால் தைத்த பொருள்கள், சோப்பு, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின். விற்கிறவர் பெரும்பாலும் செய்தவரே. அதனால் பேரம் இங்கே பொருந்தாது. கேட்டால் முகம் சுருங்கும். பொருள் வாங்கும் ஆசையில் வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான், அதை மறைக்க வேண்டாம். ஒரு கூடையை எப்படிப் பின்னினீர்கள் என்று பத்து நிமிடம் பேசப் பிடிக்கிறவர்களுக்கு இதுவே போதும்.

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போகலாம். பாழடைந்த பழைய பண்ணை வீட்டைத் தன் மனம்போல் மாற்றிக் கட்டி, தாஹீச்சேயை விட்டு 1988இல் மன்ரீக்கே இங்கே குடிவந்தார். சாகும்வரை இருந்ததும் இங்கேதான். 2013இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். எரிமலைக் குமிழி மாதிரியான வித்தை ஏதும் இங்கே இல்லை. மரச் சட்டங்கள், கணப்பு அடுப்பு, அலமாரியில் சிப்பிகளும் பானைகளும், கண்ணாடிச் சுவர் வழியாகச் செடிகள் தெரியும் குளியலறை. ஒரு மனிதன் காலையில் எழுந்து, குளித்து, காப்பி குடித்த வீடு என்று நம்ப முடிகிறது. தோட்டத்தின் கோடியில் தனியாக ஓவியக்கூடம். அவர் விட்டுப்போன நாளில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள்: தரையெங்கும் சாயத் துளிகள், பிதுக்கிய குழாய்கள், முடியாத படங்கள். தாஹீச்சேயில் கட்டடக் கலைஞரைப் பார்க்கிறோம் என்றால், ஓவியரை இந்த அறையில்தான் பார்க்கிறேன். அவர் கல்லறையும் இதே ஊர் இடுகாட்டில், ஆடம்பரம் ஏதுமில்லாமல் இருக்கிறது.

வழிகாட்டியா, வாடகைக் காரா, ஊர்ப் பேருந்தா?

வழிகாட்டியுடன் போவதன் பலன் பேருந்தில் இருக்கும்போதுதான் அதிகம். வயல்களில் ஏன் கருப்புச் சாம்பலைப் பரப்பியிருக்கிறார்கள் (இரவின் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குத் தரும்), உள்நாட்டு வீடுகளின் கதவு ஏன் பச்சை, கடலோரத்தில் ஏன் நீலம், 80களில் விடுதிகள் பெருகியபோது சுற்றுலாவை வளர்த்த மன்ரீக்கேயே ஏன் எதிர்த்துப் போராடினார் என்பதெல்லாம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே கேட்டால் மனதில் நிற்கும். வீட்டுக்குள் வந்த பிறகு வழிகாட்டி அவ்வளவு தேவையில்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். தெற்குக் கோடியில் பிளாயா பிளாங்காவில் தங்கியிருந்தால், விடுதி விடுதியாக ஆள் ஏற்றிக்கொண்டு வருவதிலேயே காலையின் நல்ல பகுதி கரைந்துவிடும். கோஸ்டா தெகீசே என்ற கடற்கரை ஊரில் (சந்தை கூடும் தெகீசே வேறு) இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சில சுற்றுலாக்களில் இடையில் கற்றாழைப் பொருள் கடை ஒன்றிலும் நிறுத்துவார்கள். நிரலில் அது இருக்கிறதா, வீட்டுக்குள் எத்தனை நிமிடம், நுழைவுச் சீட்டு சேர்ந்ததா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவும் சந்தைக்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தீவு சின்னது, சாலை நல்லது, வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒருநாள் வாடகையும் நுழைவுச் சீட்டும் சேர்த்தால்கூட, தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் சுற்றுலாவை விடப் பெரும்பாலும் மலிவு. ஊர்ப் பேருந்தைப் பொறுத்தவரை, ஞாயிறு காலை கடற்கரை ஊர்களிலிருந்து சந்தைக்கென்றே விடுகிறார்கள். அரீயாவுக்கு வார இறுதியில் குறைவு. திரும்பி வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

என் தேர்வு இதுதான்: சனிக்கிழமை காரில் அரீயா, சந்தையும் வீடும். வேறொரு வாரநாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்குத் தாஹீச்சே. அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் தெகீசேயைக் கடைகள் இல்லாமல் பார்க்கலாம். ஒரே ஒரு அரை நாள்தான் கையில் உண்டு, காரும் இல்லை, தீவுக்கு முதல் தடவை வருகிறீர்கள் என்றால் ஞாயிற்றுச் சுற்றுலாவையே தயங்காமல் எடுங்கள். கூட்டத்தோடு பார்த்தாலும் அந்தக் குமிழிகளைப் பார்க்காமல் போவது நட்டம்.

ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் கணக்கு மாறும். தாஹீச்சேயில் குமிழிகளுக்குப் படியிறங்கித்தான் போக வேண்டும், கீழே தரையும் சில இடங்களில் சமமில்லை. அரீயா வீடு பெரும்பாலும் ஒரே தளம், சந்தையிலும் மரநிழலில் உட்கார இடம் கிடைக்கும். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றல் வரும் என்றால், அரெசிஃபேயிலிருந்து கிழக்குக் கடலோரமாக அரியெத்தா வழியே போகும் பாதையில் வளைவுகள் குறைவு.